ஆறு நிமிஷம்

“இந்தப் பேரு எதுக்கு? வெட்டு.”

சுப்பராயலு ஸ்பீக்கரைப் பார்த்து விரலை நீட்டினார், அதற்குள் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல.

ஸ்டெல்லா ஓடிக்கொண்டிருந்த அறிவிப்பை நிறுத்தினாள். “எந்தப் பேருங்க ஐயா?”

“மகள் சரண்யா, மருமகன் டேனியல்னு சொல்றியே, அதான். எங்க அண்ணன் சாவுக்கும் அவங்களுக்கும் இன்னா சம்பந்தம்?”

பாகூர் கடைத்தெருவில் இருந்த அந்த ரெக்கார்டிங் சென்டரில், சாவோ காதுகுத்தோ துணிக்கடைத் தள்ளுபடியோ, பேசுவதும் எடிட் செய்வதும் ஸ்டெல்லாதான். நேரில் நாலு பேரிடம் பேசக் கூச்சப்படுகிறவளின் குரல், ஆட்டோவில் கட்டிய குழாய் வழியாக ஊர் ஊராகப் போகும்.

இன்றைய அறிவிப்பு உலகநாதனுக்கு. விடிகாலையில் இறந்துவிட்டார். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பேர்களை எழுதிக் கொடுத்தது மகன் புகழ்வேந்தன். தங்கை பேரையும் அவன்தான் எழுதியிருந்தான். ஏதாவது சொல்வான் என்று ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள்.

“சித்தப்பா சொல்றாரு இல்ல? வெட்டிடும்மா” என்றான்.

வாசலில் நின்றிருந்த ஆட்டோ பாக்யராஜ் தலையை உள்ளே நீட்டினான். “அந்தப் பொண்ணுக்குத் தகவல் சொல்லியாச்சா? நான் மொதல்ல குருவிநத்தந்தான் போவேன். அது வூடு ரோட்டு மேலயே இருக்குது. நெறமாசம் வேற.”

“எவனும் போன் பண்ணக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் சுப்பராயலு. “நம்ம வேணாம்னு எழுந்து போனவதானே? குழாய்ல கேட்டுக்கட்டும்.”

ஸ்டெல்லா மறுபடியும் புகழ்வேந்தனைப் பார்த்தாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடப் பிறந்தவன்!

பேர் இருந்த இடத்தை வெட்டினாள். முன்னும் பின்னும் இழுத்து ஒட்டினாள். அடியில் ஓடும் நாயனம் அறுபடாமல் சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்க ரெண்டர் கொடுத்தாள். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.

“எவ்ளோ நேரம் ஆவும்?” என்றான் புகழ்வேந்தன்.

“பழைய சிஸ்டம் சார். ஆறு நிமிஷம். ஒரு வார்த்தை மாத்துனாலும் திரும்ப மொதல்லேர்ந்து ஆறு நிமிஷம்.”

“உம் பொண்டாட்டி எங்கடா?” என்றார் சித்தப்பா. “மாலை வாங்கியாறேன்னு ஸ்கூட்டிய எடுத்துகினு போனவ, ஆளயே காணோம்.”

“வருவா சித்தப்பா.”

கோடு முடிந்தது. ஸ்டெல்லா ஃபைலை பென்டிரைவில் ஏற்றி எழுந்தாள்.

“இரும்மா. எம் பேருக்கு முன்னால கான்ட்ராக்டர்னு போடலியே” என்றான் புகழ்வேந்தன்.

அப்பா ஐஸ் பெட்டியில் படுத்திருக்கிறார். இவனுக்குப் பட்டம் வேண்டுமாம்.

“அதான, போடு” என்றார் சுப்பராயலு. “நம்ம குடும்பத்துக்கும் ஒரு மதிப்பு இருக்குது இல்ல?”

மைக்கில் ‘கான்ட்ராக்டர் புகழ்வேந்தன்’ என்று பேசினாள். சேர்த்தாள். மறுபடியும் பச்சைக் கோடு. வெளியே பாக்யராஜ் ஹாரன் அடித்தான்.

“யப்பா, நாலு ஊர் சுத்தணும்பா! ஜனங்க கேட்டு, கெளம்பி வர வேணாமா?”

ஆறு நிமிஷம் கழித்துப் போட்டுக் காட்டினாள். புகழ்வேந்தன் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டான்.

“எக்கோ பத்தலம்மா. இன்னும் கொஞ்சம் ஏத்து. கேக்கறப்ப கெத்தா இருக்கணும்.”

சுப்பராயலுவுக்கே பொறுக்கவில்லை. “டேய், பொணத்த வூட்ல வெச்சிகினு கெத்து இன்னாடா கெத்து? சீக்கிரம் முடிச்சிகினு வா” என்று துண்டை உதறிக்கொண்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஸ்டெல்லா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “சார்... நல்லாத்தான் இருக்குது. உங்க அப்பாவக் கடைசியா ஒருவாட்டி பாக்கணும்னு எத்தனையோ பேரு நெனைப்பாங்க. லேட்டாயிடும்.”

“பண்ணும்மா” என்றான். குரல் கெஞ்சியதுபோல இருந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் சட்டை நனைந்திருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு எக்கோவை ஏற்றினாள். மூன்றாவது முறை ரெண்டர். பாக்யராஜ் ஹாரனில் இருந்து கையையே எடுக்கவில்லை.

கோடு பாதி வந்திருக்கும். புகழ்வேந்தனின் செல்போன் அடித்தது. பாய்ந்து எடுத்தான். அந்தச் சின்ன அறையில் அவன் மனைவியின் குரல் ஸ்டெல்லாவுக்கும் தெளிவாகக் கேட்டது.

“சொல்லிட்டேங்க. பக்கத்துல உக்காந்து, கையப் புடிச்சிகினு மெதுவாத்தான் சொன்னேன். அழுவுறா. ஆனா பயமில்ல, நல்லா இருக்கா. டேனியல் அண்ணன் கார் சொல்லியிருக்காரு, கூட்டிகினு வந்துடறோம். நீங்க இனிமே ஆட்டோவ அனுப்பலாம்.”

புகழ்வேந்தன் போனை வைத்தான். கர்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“எக்கோ வேணாம்மா. நிறுத்திடு.”

ஸ்டெல்லாவின் விரல் மவுஸ் மேலேயே நின்றது. “அப்போ... எதைங்க சார் குடுக்கறது? கான்ட்ராக்டர்னு போட்டதா?”

அவன் எதிர்ப்பக்கம் பார்த்தான். டீக்கடையில் சித்தப்பா கிளாஸை வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

“மொதமொதல்ல பண்ணியே, தங்கச்சி பேரோட. அதக் குடு.”