ஆடி பிறக்கட்டும்

"ஓட்டு ரசூல், ஓட்டு! பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்!"

காவிரிப் பாலத்தின் மேல் ஜட்கா வண்டி குலுங்கி ஓடியது. நம்பெருமாள் ஒரு கையால் கம்பியையும், மறு கையால் மடியிலிருந்த மனுவையும் இறுக்கிப் பிடித்திருந்தார். கீழே நுரை கட்டிய புது வெள்ளம். அதைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

"குதிரைக்கு ராகு காலம் தெரியுமா அண்ணே? அது பாட்டுக்குத்தான் ஓடும்" என்றான் ரசூல். "ஆமா, வேலை போனவர் மாதிரியா இருக்கீங்க? ஜரிகைக் கரை வேட்டி! புது மாப்பிள்ளை கெட்டான்."

"முதலாளி ஆனி மாசம் குடுத்தது. நல்ல நாள்ல கட்டலாம்னு வச்சிருந்தேன்."

"ஆனியில வேட்டியைக் குடுத்துட்டு ஆடியில சீட்டைக் கிழிச்சாரா? நல்ல முதலாளிதான் போங்க!"

நம்பெருமாள் சிரிக்கவில்லை. காந்தி மார்க்கெட் பக்கத்தில் பெரியண்ணனின் வெல்ல மண்டியில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் அவர். உருண்டையை உடைத்து மோந்தாலே எந்த ஊர் வெல்லம் என்று சொல்லிவிடுவார். பெரியண்ணனின் மருமகன் மண்டிக்கு வந்தான். அவனுக்கு நம்பெருமாளின் இடம் தேவைப்பட்டது. ஆடி முதல் தேதி காலையில் முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். ஒழுங்கீனமாம், இன்றோடு வேலை இல்லையாம்.

வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். நாற்பத்தெட்டு வயசில் வேறு எந்த மண்டியில் சேர்ப்பார்கள்? மறுபடி அந்தப் படியேற ஒரே வழி, லேபர் ஆபீசில் கொடுக்கப் போகும் இந்த மனுதான்.

"மனு எழுதி எத்தனை நாளாச்சு அண்ணே?"

"வக்கீல் குமாஸ்தா பரக்கத் அலி மூணாம் நாளே எழுதிக் குடுத்துட்டார். 'உடனே கொண்டு போய்க் குடுங்க'ன்னார். அவருக்கென்ன, சொல்லுவார். ஆடியில யாராவது காரியம் தொடங்குவாங்களா? சாமி மாடத்துல தாயார் படத்துக்கு அடியில பத்திரமா வச்சிருந்தேன். இன்னைக்குத்தானே ஆவணி பிறந்திருக்கு."

"நாங்களா இருந்தா அன்னைக்கே ஓடியிருப்போம்."

"அதான் இன்னும் வாடகைக் குதிரை ஓட்டறே."

ரசூல் வாய்விட்டுச் சிரித்து, குதிரையைத் தட்டிவிட்டான்.

லேபர் ஆபீஸ் படியேறும்போது மணி பத்தேகால். ராகு காலத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. நம்பெருமாளுக்கு மூச்சு நிதானப்பட்டது. பெருமாள் கைவிடவில்லை.

குமாஸ்தா விக்டர் மனுவை வாங்கினார். நாலு மூலையிலும் மஞ்சள்.

"என்னங்க இது, கல்யாணப் பத்திரிகையா?" என்று சிரித்தவர், இரண்டாம் பக்கம் புரட்டியதும் சிரிப்பை நிறுத்தினார். "உத்தரவு கைக்கு வந்தது ஜூலை பதினேழுன்னு எழுதியிருக்கே?"

"ஆமாங்க. ஆடி ஒண்ணு."

"கைக்கு வந்ததுலேருந்து முப்பது நாள்தான் கெடு. நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சு போச்சே!"

"ஒரே ஒரு நாள்தானேங்க?"

"ஒரு நாளானாலும் கெடு கெடுதான். காய்ச்சல், ஆஸ்பத்திரின்னு ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லுங்க. ஆபீசர்கிட்டக் கேட்டுப் பார்க்கலாம்."

"காய்ச்சல் எல்லாம் இல்லீங்க. ஆடி மாசமாச்சேன்னு..."

விக்டர் அவரையே பார்த்தார். "அதைக் காரணம்னு எழுதினா சர்க்கார் ஒத்துக்காதுங்க. கெடு முப்பது நாள். ஆடி முப்பத்தோரு நாள். என்ன செய்யச் சொல்றீங்க?"

நம்பெருமாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். 

விக்டருக்கு மனசு கேட்கவில்லை. எங்காவது ஓட்டை இருக்காதா என்று மனுவோடு இணைத்திருந்த உத்தரவை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தார்.

"வேடிக்கையா இருக்கே. இதை டைப் அடிச்சது ஜூலை ரெண்டாந்தேதி. முதலாளி கையெழுத்தும் அன்னைக்கே ஆயிருக்கு. பதினஞ்சு நாள் பெட்டியில பூட்டி வச்சிருந்துதான் உங்க கையில குடுத்திருக்கார்." கண்ணாடியைக் கழற்றினார். "ஏங்க, உங்க முதலாளி நாள் கிழமை பார்க்கிறவரா?"

"பஞ்சாங்கம் பார்க்காம மூட்டையைக்கூட இறக்க விட மாட்டா..."



"அப்ப சரிதான். ஆடி பிறக்கட்டும்னு காத்திருந்து குடுத்திருக்கார். நீங்க ஒரு மாசம் அசைய மாட்டீங்கன்னு எந்தக் கெட்டிக்காரனோ யோசனை சொல்லியிருக்கான்! யாருங்க அவருக்கு நாள் பார்த்துக் குடுக்கிறது?"



ஆனி மாதத்தில் ஒரு நாள் முதலாளி நம்பெருமாளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருத்தன் மேல நடவடிக்கை எடுக்கணும். ஒரு மாசத்துக்கு அவன் எழுந்திரிக்கக் கூடாது. நாள் பார்த்துச் சொல்லு" என்றபோது, முதலாளியின் ஜீயபுரம் நிலத்து வரப்புத் தகராறுதான் என்று நினைத்து, பஞ்சாங்கத்தில் விரலை வைத்து, "ஆடி பிறக்கட்டும் முதலாளி. ஆடியில எவனும் கோர்ட்டுப் படி மிதிக்க மாட்டான்" என்று சொன்னவர் அவரேதான். ஜீயபுரத்துக்காரனுக்கு நோட்டீஸ் போயிருக்கும் என்றே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த யோசனைக்கு முதலாளி மனம் குளிர்ந்து கொடுத்த வெகுமானம்தான், அவர் இடுப்பில் இருந்த ஜரிகைக் கரை வேட்டி.