சாம்பலுக்குள் ஒரு கங்கு

மொட்டைமாடியில் கோழி சுட்டுத் தின்றவர்கள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்கள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாம்பலுக்கு அடியில் ஒரே ஒரு கங்கு மட்டும் உயிரோடு கிடந்தது. அசையாமல் இருந்தால் இன்னும் வெகுநேரம் இருக்கலாம் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

அப்போது மார்கழிக் குளிரில் வெடவெடவென்று நடுங்கியபடி ஒரு பூனைக்குட்டி வந்தது.

"இந்தச் சாம்பல் எவ்வளவு மெத்துமெத்துன்னு இருக்கு! இதுக்குள்ளதான் படுத்துக்கப் போறேன்" என்று அடுப்பின் விளிம்பில் ஏறியது.

"வேண்டாம் கண்ணு, சுட்டுடும்" என்றது கங்கு.

"பொய்! நெருப்புன்னா சிவப்பா இருக்கும். இந்தச் சூடு முழுக்க உனக்கே வேணும், அதானே?"

குட்டி ஒரு காலைத் தூக்கியது. கங்கு பதறிப்போயிற்று.

"காத்தண்ணே, சீக்கிரம் என் மேல ஊதுங்க!"

"ஊதினா நீ சீக்கிரமே தீர்ந்துபோயிடுவியே" என்று காற்று தயங்கியது.

"பரவாயில்லை, ஊதுங்க!"

காற்று ஊதியது. சாம்பல் பறந்தது. கங்கு தன்னிடம் மிச்சமிருந்த நெருப்பையெல்லாம் கூட்டிச் செக்கச்செவேலென்று ஜொலித்தது. குட்டி அலறிக்கொண்டு கீழே குதித்து ஓடியது.

சற்றுப் பொறுத்து, எட்ட நின்றே கேட்டது. "என் மேல கோபமா?"

"இல்லடா தங்கம். அங்கேயே உட்காரு. அந்த இடம் வரைக்கும் என் சூடு வரும்."

குட்டி வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அதன் நடுக்கம் நின்றது. அது கண்ணயரும்வரை கங்கு அணையவில்லை.