வலையில் அவள் பக்கம்

திருமாறன் எழுந்து அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பல் தேய்த்தான். ஈறு ரத்தத்தைச் சோதித்து, நோய் இல்லை என்று தினமும் பச்சையாக எரியும் பிரஷ் இன்று மஞ்சளாக எரிந்தது.

"மலேரியாக் கிருமி கொஞ்சம் இருக்கு. காய்ச்சல் உண்டா?" என்று கேட்டது.

"இல்லை."

"எங்க படுக்கறீங்க?"

"மாடியில. கொசுவலை இல்லாம."

"எத்தனை நாளா?"

"ஏழு மாசமா."

அவன் மனைவி பூவிழி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மஞ்சள் எரிந்தால் அக்கம்பக்கத்துப் பிரஷ்களுக்கும் சேதி போய்விடும். பக்கத்து வீட்டிலிருந்து பூவிழியின் தங்கை கயல் நிறைமாத வயிற்றோடு மாத்திரை கொண்டுவந்தாள்.

"காய்ச்சலே வராம கிருமிய வளக்கறீங்களே மாமா! ஒங்களக் கடிச்ச கொசு நேரா எங்கிட்டதான் வரும். பிள்ளைக்கு ஆகாது. இன்னைக்கு வலைக்குள்ள படுங்க."

"சரி."

"ஒங்க சரி எனக்குத் தெரியாதா? இப்பவே அவுத்துக் காட்டுங்க."

கட்டிலுக்கு மேலே சுருட்டி முடிந்திருந்த வலையை அவிழ்த்தான். அந்த முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் பூவிழி அன்று காலை பேருந்து ஏறினாள். பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்தது.

அவள் படுக்கும் பக்கத்தில் மூன்று விரல் நுழையும் ஓட்டை இருந்தது. திருமாறன் ஊசியில் நூல் கோத்தான். அன்றைக்கே தைத்துத் தருவதாகத்தான் சொல்லியிருந்தான். பூவிழி செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள்.

"ஓட்டை எம் பக்கந்தான இருக்கு, ஒங்களக் கடிக்காது. போய்ப் பாலப் பாருங்க."