முன்சீட்டு பெல்ட்

ஆலைக்கழிவு பற்றிய என் கட்டுரைக்காக முப்பத்தொரு வீடுகள் ஏறி இறங்கினோம். அலுவலகக் காரின் முன்சீட்டில் வழிகாட்டி வந்து, அத்தனை கதவையும் தட்டியது அந்த ஊர் நர்ஸ் அக்கா. அவர் முகத்துக்காகத்தான் ஜனங்கள் வாய் திறந்தார்கள். நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

"நம்ம பேரும் வருமா தம்பி?" என்று ஒரே ஒருமுறை கேட்டார்.

"வராமலா அக்கா!" என்றேன்.

இடமில்லை என்று அவர் பேர் இருந்த வரியை நானேதான் வெட்டினேன். கட்டுரை வந்த நான்காம் நாள் அவர் மாரடைப்பில் இறந்துபோனார். சாவுக்கு நான் போகவில்லை.

இன்று அந்தக் கட்டுரைக்குப் பரிசு வாங்க அதே அலுவலகக் காரில் கிளம்பினேன். பின்சீட்டில் உட்கார்ந்து ஏற்புரையை மனப்பாடம் செய்தேன். 'தனி ஆளாக வீடு வீடாகப் போனேன்' என்பது முதல் வரி. கார் வழக்கம்போல கத்தத் தொடங்கியது. முன்சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லையாம். முன்சீட்டில் யாருமில்லை.

"இதை இன்னும் சரிபண்ணலையா?"

"ஒர்க்‌ஷாப்ல ரெண்டு தடவ பாத்தாச்சு சார். கோளாறே இல்லையாம்." முப்பத்தொரு வீட்டுக்கும் வண்டி ஓட்டிய அதே டிரைவர், கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நீங்க ஏறினாத்தான் கத்துது."

சிக்னலில் கையை நீட்டி, காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினார். சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. ஓர் ஆள் கனத்துக்கு விலகி நின்று, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.