காதில் வராத வாக்கியம்

ஒரு பச்சை கிரேயானுக்காக, ஒன்றாம் வகுப்பு யாழிசை ரிஸ்வானாவின் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்திருந்தது. அற்புதமேரி டீச்சரின் காதுக்குள் மாட்டியிருந்த வழிகாட்டிக் கருவி உடனே பேசியது.

“மண்டியிடுங்கள். குழந்தையின் கண்களைப் பாருங்கள். குரலைத் தாழ்த்துங்கள்.”

டீச்சர் மண்டியிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் யாழிசை முந்திக்கொண்டாள்.

“நீ கோவமா இருக்க, எனக்குப் புரியுது. ஆனா கடிக்கக் கூடாது. அதானே டீச்சர்? எங்கம்மா காதுலயும் இதேதான் சொல்லும்.”

வழிகாட்டி அதே வாக்கியத்தை அப்போதுதான் சொல்லி முடித்தது.

மூன்று வருடங்களாக வகுப்பில் ஒரு வார்த்தைகூடச் சொந்தமாகப் பேசாத டீச்சர், அதைக் கழற்றிக் கைகழுவும் வாளித் தண்ணீரில் போட்டார்.

“கோவம் எனக்குத்தான் வருது, யாழிசை. உன் மேலதான். அந்தக் கையைப் பாரு. அவ அழுறதை என்னால பாக்க முடியல.”

யாழிசை திகைத்துப்போனாள். “இதை நீங்களா சொல்றீங்க?”

“நானேதான்.”

அவள் யாரும் சொல்லாமலே ரிஸ்வானாவிடம் போய், அந்தக் கையைப் பிடித்து ஊதினாள்.

பத்தே நிமிடத்தில் தலைமையாசிரியர் புதிய வழிகாட்டி ஒன்றோடு வந்து நின்றார்.

“கழட்டினது ஆபீஸ்ல தெரிஞ்சிடுச்சு டீச்சர். மன்னிப்புக் கடிதம் வேணும். இதை மாட்டிக்கோங்க, என்ன எழுதணும்னு அதுவே சொல்லும்.”

“கடிதம் தரேன் சார். ஆனா நானேதான் எழுதுவேன். அதுல மன்னிப்பு இருக்காது. யாழிசை ஊதினது இருக்கும்.”