தலையாட்டியின் மோதிரம்

வரிசை நகரத் தொடங்கியதும், எனக்குப் பின்னால் நின்ற பொன்னம்பலம் மாஸ்ரர் கிரேக்கர்களின் நீதியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

ஆள் ஏற்றும் லொறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் செய்ய அவரால்தான் முடியும்.

விடிய முன்னரே ஆமிக்காரர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றிவளைத்து, தமிழ் ஆண்கள் எல்லோரையும் வெளியே இறக்கியிருந்தார்கள். கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் இது எங்களுக்குத் தேகாப்பியாசம் மாதிரி.

ஜீப்பின் முன் இருக்கையில், ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி இருந்தான். தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன் போய் நிற்கவேண்டும். தலை ஆடாவிட்டால் வீடு. ஆடினால் லொறி. லொறியில் போனவர் திரும்பி வந்தால் அது பெற்றவள் செய்த புண்ணியம்.

வழக்கு, சாட்சி, அப்பீல் எல்லாம் ஒரு கழுத்தசைவில் முடிந்துவிடும். இவ்வளவு சுருக்கான நீதிமன்றம் ஏதென்ஸிலும் இருந்திராது.

மாஸ்ரர் என்னுடைய மேல்மாடிக்காரர். கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், எங்களுக்கு இல்லை.

"ஒரு இடையனுக்கு மோதிரம் ஒண்டு கிடைச்சது, தம்பி. போட்டால் ஆள் தெரியாது. உடனை ராசாவைக் கொலை செய்துபோட்டு ராணியைக் கட்டினான். ஆரும் காணாத இடத்திலயும் நீதியா நடக்கிறவன்தான் மனுசன் எண்டு கிரேக்க ஞானிகள் சொல்லியிருக்கினம். உந்தச் சாக்குத்தான் அந்த மோதிரம். பாரும், இன்னும் ஒருத்தருக்கும் தலை ஆட்டேல்லை!"

உண்மைதான். கடைக்காரர் போனார், லொட்ஜ் பெடியன்கள் போனார்கள். சாக்கு அசையவில்லை. மாஸ்ரரின் குரலில் கிரேக்கமே வென்றுவிட்ட பெருமை.

என் முறை வந்தது. சாக்கின் முன் நின்றேன். உள்ளேயிருந்து மெல்லிய குறட்டை கேட்டது.

நீதிமான் நித்திரை. சந்தோசத்தில் வீட்டுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன்.

அடுத்து மாஸ்ரர் நிமிர்ந்து நின்றார். அந்த நேரம் பார்த்து, தூக்கத்தில் அவன் தலை நெஞ்சில் விழுந்தது.

சிப்பாய்கள் பாய்ந்து மாஸ்ரரின் இரண்டு கைகளையும் பிடித்தார்கள். அவர் பேச்சு வராமல் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் வீட்டுக்குப் போகவேண்டியவன், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். அவன் நித்திரை கொள்கிறான் சேர் என்று சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி சாக்கின்மேல் ஓங்கி ஓர் அறை விட்டார். ஆள் துள்ளி விழித்தான். பிறகு, நீதி எல்லோருக்கும் சமம் அல்லவா, மாஸ்ரரை வரிசையில் விட்டு, தப்பிப் போனவர்களையும் கூப்பிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

வீட்டு வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் ஏகமனதாக என்னை முன்னுக்குத் தள்ளினார்கள். கிரேக்கத்துக்குப் பிறகு இப்படி ஒரு சனநாயகம் நடந்திருக்காது.

அறை வாங்கியவன் இப்போது நன்றாக விழித்திருந்தான். தலை ஆடியது.

அதிகாரி நியாயஸ்தர். இந்த ஆளைத் தெரியுமா என்று மாஸ்ரரைக் கேட்டார். கொழும்பில் நெடுங்காலம் இருந்த பெரிய மனிதர் ஒருவர் தெரியும் என்றால், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். பேச்சு வந்துவிட்டது, அதுவும் நல்ல ஆங்கிலத்தில். என்னைக் கண்டதே இல்லையாம்.

லொறியில் ஏற்றினார்கள். எனக்குக் கோபம் பற்றி எரிந்தது. மாஸ்ரர் மேலா, அந்தச் சாக்கின் மேலா என்று தெரியவில்லை. வரிசை முடிந்ததும் சாக்கையும் கொண்டுவந்து என் பக்கத்தில் இருத்தினார்கள். அவனுடைய கைகளும் என்னுடையவை போலவே பின்னால் கட்டப்பட்டிருந்தன.

லொறி பெருந்தெருவான காலி வீதியில் ஏறுமுன்பே அவன் தலை என் தோளில் விழுந்தது. எத்தனை நாளாகத் தூங்கவிடாமல் வைத்திருந்தார்களோ.

தட்டிவிடத்தான் நினைத்தேன். மனம் வரவில்லை. அடுத்த ஒழுங்கை வரும்வரையாவது படுக்கட்டும் என்று தோளை அசைக்காமல் இருந்தேன்.