ஹிட் சொல்லாத நெமோத்தோ

“ஜாம்பி! இந்த ஆளு ஜாம்பி!”

தோகாஷி போட்ட கூச்சலில் மூங்கில் காட்டில் ஆட்டமே நின்றுவிட்டது.

ஜப்பானில், சிபாவில் உள்ள அந்த மைதானத்தில் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். பொம்மைத் துப்பாக்கிச் சண்டையில் பிளாஸ்டிக் குண்டு பட்டதா இல்லையா என்பது பட்டவருக்குத்தான் தெரியும். பட்டால் அவரே கையைத் தூக்கி, “ஹிட்!” என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். பட்டும் சொல்லாமல் திரிகிறவருக்குப் பெயர் ஜாம்பி. முகத்துக்கு நேரே ஒருவரை அப்படிச் சொல்வது செருப்பைக் கழற்றி அடிப்பதற்குச் சமம்.

அடி வாங்கியவர் எதிரணி நெமோத்தோ. ஈ எறும்புக்கும் வழி விடுகிற மனிதர்.

“படலையே, தோகாஷி சான்.”

“பத்தடி தூரத்துல நிக்கறீங்க. நெஞ்சுல மொத்தத்தையும் இறக்கினேன். படலையா?”

“நிஜமாவே படலை.”

நடுவர் பெண் யூரினா ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்று குனிந்து குனிந்து கும்பிட்டு, ஆட்டத்தை மறுபடி ஓட்டினாள்.

தோகாஷிக்கு அன்று தலைபோகிற பிரச்சினை. வருஷக்கணக்காக ஆடுகிறார். ஒருத்தரைக்கூட வீழ்த்தியதில்லை. பழி துப்பாக்கிமேல் விழுந்தது. புதிதாக ஒன்று வாங்கி, வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் பிரித்துப் போட்டார். குழலை மாற்றினார், தொலைநோக்கி பொருத்தினார், இலை படம் போட்ட துணியைச் சுற்றினார். வீட்டில் அத்தனை நாளும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு.

மனைவி மிட்சுயே பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். அன்று காலை காரைவிட்டு இறங்கும்போதே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கு ஒருத்தராவது விழணும். இல்லேன்னா போற வழியிலேயே இதை வித்துட்டுத்தான் வீட்டுக்குள்ள காலை வைப்பேன்.”

சொன்னதோடு நிற்காமல், பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் விட்டாள்.

துப்பாக்கியோடு வந்த சின்ன மேகசின், அதாவது குண்டு அடைக்கிற பெட்டி, காலையில் ஆட்டத்துக்கு முன் குண்டின் வேகத்தைச் சோதிக்க உதவியதோடு சரி. அதெல்லாம் சண்டைக்குக் காணுமா? நூற்றுக்கணக்கில் குண்டு பிடிக்கிற உதிரி மேகசின்கள் ஏழு வாங்கி, வாய்வரை நிரப்பி, இடுப்பைச் சுற்றி மாட்டியிருந்தார் தோகாஷி. நடந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும். ஒன்றில் பலன் இல்லையென்றால் அடுத்ததை மாட்டுவார். மதியத்துக்குள் ஏழும் ஒரு சுற்று வந்துவிட்டது.

சாப்பாட்டு வேளையில் கறிச் சோற்றைக் கிளறியபடி மிட்சுயே கேட்டாள்.

“யாராவது விழுந்தாங்களா?”

“எல்லாரும் புளுகறாங்க! குழல் மாத்தினதுலேருந்து குண்டு போற வேகம் கண்ணுக்கே தெரியலை. பட்டதுகூட அவங்களுக்குத் தெரியலை.”

“பட்டதே தெரியாத குண்டுக்கா என் சாப்பாட்டு மேசையைப் பறிச்சீங்க?”

பக்கத்து மேசையில் நெமோத்தோ தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ஆட்டம். பலகைக் குடிசையைச் சுற்றிக் கிலுகிலுத்துக்கொண்டு வந்த தோகாஷியின் எதிரே மறுபடியும் நெமோத்தோ! கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினார்.

டர்ர்ர்ர்ர்ர்.

நெமோத்தோ அசையவில்லை. குழலைப் பார்த்தார். வலைக்குப் பின்னால் பாதி எழுந்து நின்ற மிட்சுயேயைப் பார்த்தார்.

“ஐயோ! ஹிட்! ஹிட்!”

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சருகில் விழுந்து, போதாது என்று ஒரு புரளலும் புரண்டார்.

மிட்சுயே கை தட்டினாள். தோகாஷிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நெமோத்தோவின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

“இப்பவாவது நேர்மையா நடந்துக்கிட்டீங்களே. போகட்டும், காலையில நடந்ததை நான் மறந்துட்டேன்.”

“ரொம்ப நன்றி” என்று நெமோத்தோ இடுப்பு வளையக் கும்பிட்டார்.

“அடுத்த வாரம் நானே கட்டுச்சோறு கட்டித் தரேன்” என்று சொல்லிவிட்டு மிட்சுயே காரில் போய் உட்கார்ந்தாள்.

மிச்சக் குண்டுகளைச் சுட்டுத் தீர்ப்பதற்காகத் தோகாஷி தகர இலக்குக்கு முன்னால் நின்றார். டர்ர்ர். தகரம் சும்மா இருந்தது. யூரினா வந்து மேகசினைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள்.

“நிரப்பினா மட்டும் போதாது, தோகாஷி சான். அடியில இந்தச் சக்கரத்தைச் சுத்தி முறுக்கேத்தணும். அப்பதான் குண்டு மேல ஏறும்.”

“இதுல மறந்துட்டேன் போல.”

அவள் மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஏழுலயும் மறந்துட்டீங்க. காலையிலேருந்து வெறும் காத்துதான்.”

தோகாஷிக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்துக்குக் கிலுகிலுத்துக்கொண்டே ஓடி, நெமோத்தோவைப் பிடித்தார்.

“என் துப்பாக்கியிலேருந்து இன்னிக்கு ஒரு குண்டுகூட வரலை!”

“தெரியும். கடைசி ஆட்டத்துலதான் எனக்கும் புரிஞ்சுது.”

“நிஜம் பேசின உங்களை ஜாம்பின்னேன். பொய் சொன்னதும் நேர்மையான ஆளுன்னேன். என்னைப் போய்க் காப்பாத்தணும்னு உங்களுக்கு என்ன வந்தது?”

நெமோத்தோ காரில் இருந்த மிட்சுயேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“என்னோடதை என் வீட்டுல போன மாசமே வித்துட்டாங்க, தோகாஷி சான். இது வாடகைத் துப்பாக்கி.”